நாற்பது வட்டம்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
ஒரு பூசணிக்காய் எடுக்கத்தான் போனேன்.
ஞானசிகாமணி என்னைப் பார்த்து
ஒரு சிரிப்புச் சிரித்தான், அவ்வளவுதான்.
இரண்டாயிரத்து அறுநூறுக்கு
வான்கோழி என் தலையில் விழுந்தது.

சாந்தி நகர் வரைக்கும்
ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும்
சாக்குக்குள்ளிருந்து ஒரு கத்தல்.
கதவைத் திறந்த எப்சிபா
சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"நாளையிலேருந்து எனக்குப் பத்து நாள் நைட் டூட்டி.
இதுக்கு மசாலா யாரு அரைப்பா?"

மேலப்பாளையம் காதர் மைதீன்
அறுத்து, எலும்பு களைந்து, மிஷினில் விட்டார்.
"தோலைத் தூரப் போட்டுராதீய.
இதுல கொழுப்பே கிடையாது.
தோலும் சேந்து அரைபட்டாத்தான்
சட்டியில மரத்தூளாப் போவாது."
இரண்டரைக் கிலோ, ரோஸ் நிறத்தில்,
பனிக்கட்டிப் பைக்கு நடுவே.

கப்பலில் சமையல் பார்க்கிற மச்சினன் தாசையா
எந்தத் துறைமுகத்திலிருந்தோ போனில் வந்தான்.
"குடல்ல அடைக்காத சாசேஜுன்னு வையுங்க அத்தான்.
தட்டி ஃப்ரீசர்ல போட்டா
காலையில பத்தே நிமிஷம்.
ஆனா சேஜுன்னு ஒரு இலை வேணும்."
"எப்படில இருக்கும்?"
"தடியா, மேல பூனை ரோமம், கசக்குனா மூக்கு திறக்கும்."
பின்வாசல் பைப்படியில் அது நிற்கிறதே,
பிள்ளைகள் சளிக்குப் பிழிந்து ஊற்றுகிற
கற்பூரவல்லி.

பெருஞ்சீரகம் வறுத்துப் பொடித்தது.
மிளகு ஒன்றிரண்டாய்.
சின்ன உள்ளி, வத்தல்,
கட்டைவிரல் நகமளவு உடன்குடிக் கருப்பட்டி,
அது சிவக்க வைக்கும் என்றான் தாசையா.
கை சூடானால் கறி ஒட்டும்,
ஐஸ் தண்ணீரில் முக்கி முக்கிப் பிசைந்தேன்.
கோலிக்குண்டு அளவு கிள்ளிப் பொரித்து
ருசி பார்க்கக் கொடுத்தேன்.
"உப்பு பத்தல" என்றாள் கெசியா.
"எனக்கு இன்னும் தெரியல" என்றான் ஆபேல்,
இன்னொன்றுக்குக் கையை நீட்டியபடி.

ஊறுகாய் பாட்டில் மூடிதான் அச்சு.
நடுவில் விரலால் ஒரு குழி,
இல்லாவிட்டால் வேகும்போது தொந்தி போடும்.
கழுவிக் காயவைத்த பால்கவரை
சதுரம் சதுரமாய் வெட்டி இடையில் வைத்து
அடுக்கிய பின் எண்ணினேன்.
நாற்பது.
நாலு பேர், பத்து காலை.
வகுத்தல் மீதியில்லாமல் வந்தது
என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

ஏழே காலுக்கு ஹைகிரவுண்டிலிருந்து அவள் வருவாள்,
ஏழே முக்காலுக்குப் பிள்ளைகளின் வேன்.
அந்த அரைமணிக்குள் தவாவில் நாலு வட்டம்,
இந்தப் பக்கம் நாலு நிமிஷம், அந்தப் பக்கம் மூணு.
ஒருநாள் பன்னுக்குள், ஒருநாள் தோசைக்கு நடுவே,
ஒருநாள் முந்தினநாள் சோற்றோடு.
ஷூவைக் கழற்றாமல் நின்றபடி தின்பாள் எப்சிபா,
கையில் ஸ்பிரிட் வாசனை போகாமல்.
பாதி வாயிலேயே கண் சொருகும்.

எட்டாம் நாள் காலை டப்பாவைத் திறந்தால்
பால்கவர் சதுரங்கள் மட்டும்
விறைத்துக் கிடந்தன.
பன்னிரண்டு இருக்க வேண்டும்.
"ஏல ஆபேல்" என்று குரலை உயர்த்தினேன்.

எப்சிபா பையை மாட்டிவிட்டு
அடுப்புப் பக்கம் போனாள்.
"அவன எதுக்கு மிரட்டுதிய?
பதினோரு மணிக்கு நீங்க வார்டுக்குப் போன் போடும்போது
பின்னால எண்ணெய் பொரியுத சத்தம்
தினமும்தான் கேட்டுது."

பிள்ளைகள் தூங்கிவிட்ட வீட்டில்
அந்தச் சத்தம் வேண்டியிருந்தது என்று
அவளிடம் எப்படிச் சொல்ல.
முதல் ராத்திரி ஒன்றுதான்.
பிறகு ஒன்றுக்கு ஒன்று துணை.

"சரி, நிக்காதீய" என்றாள்.
"இட்லி ஊத்துங்க. வேன் வந்துரும்."