பதினேழாம் எண்

விலைப்பட்டியலுக்கு வண்ணம் கட்டுப்படியாகாது
என்றான் ஓடென்சே அச்சகத்தான்.
நாற்பது டேலியாவையும்
கறுப்பு வெள்ளையில் எடுத்தேன்.
சிவப்பும் இலைப்பச்சையும்
ஒரே சாம்பலாய் ஒட்டிக்கொண்டன.

மார்ச்சில் ஒரு கடிதம்,
ஃபாரோ தீவுகளிலிருந்து,
கலங்கரை விளக்கக் காவலர் ஹெய்னி:
"பதினேழாம் எண், அந்தச் சாம்பல் பூ.
கிழங்கு இரண்டு அனுப்பவும்."

சிரித்தேன்.
நிலவறைக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பினால்
எண் இருக்கிறது,
நிறம் எழுதிய வரியை ஈரம் தின்றிருக்கிறது.
எனக்கும் நினைவில்லை.

விளக்கம் எதுவும் எழுதவில்லை.
மரத்தூளில் பொதிந்து
மூன்றாய் அனுப்பினேன்,
ஒன்று இனாம்.

செப்டம்பரில் அவரிடமிருந்து ஒரு புகைப்படம்:
கல்சுவர், கடல்,
காற்றுக்குச் சாய்ந்த பூ,
கடலைவிடக் கொஞ்சம் வெளுப்பு.

பின்புறம் பென்சிலில்:
"அச்சு அசல்
உங்கள் படத்தில் இருந்ததேதான்."