கொள்வினை கொடுப்பினை

மழை இங்கே மேலிருந்து பெய்வதில்லை,
பக்கவாட்டில் பெய்யும்.
ஃபாரோ தீவுகளில் பந்து உதைக்க வருகிறவர்கள்
முதலில் காற்றோடு ஆடிப் பழக வேண்டும்.

வாரத்தில் ஐந்து நாள் மீன் ஆலையில் கத்தி பிடிப்பேன்.
சனிக்கிழமை எங்கள் பெண்கள் அணியின்
மருந்துப் பை என் தோளில்.
வலப்பக்கம் சூட்டுப் பொட்டலம், இடப்பக்கம் குளிர்ப் பொட்டலம்.
ஒருமுறை மாற்றிக் கொடுத்து
வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கோல்கீப்பர் ரன்வாவுக்கு அன்று வேலையே இல்லை.
ஆட்டம் முழுக்க எதிர்ப்பக்கத்தில்.
விரல் விறைத்துப்போய்ச் சைகை காட்டினாள்.
உறையைக் கிழித்து நீட்டினேன்:
இரும்புத் தூள், கரி, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் ஈரம்.
காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கும், சுடும்.
துருவா, என்றாள்.
துருதான்.
துறைமுகத்தில் என் அண்ணனின் இழுவைப்படகைத்
தின்றுகொண்டிருக்கிற அதே துரு.
இதற்கு ஆறு மணி நேரம், அதற்கு முப்பது வருஷம்.
அந்தப் படகும் இத்தனை காலம்
சூட்டை விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது,
எந்தக் கைக்கும் எட்டாத நிதானத்தில்.
கடற்காகங்களுக்குத் தெரியுமோ என்னவோ,
அதன் மேல்தட்டைவிட்டு நகர்வதில்லை.

எழுபதாம் நிமிடம் பியார்த்தா விழுந்தாள்.
கணுக்கால் புளித்த மாவாய் உப்பிவிட்டது.
பொட்டலத்தை முழங்காலில் வைத்து ஒரு குத்து.
உள்பை உடைந்து
புல்லுக்குத் தூவுகிற யூரியா தண்ணீரில் கரைந்தது.
"குளிர் எலும்புவரை இறங்குது" என்று பல்லைக் கடித்தாள்.
இல்லை பெண்ணே, எதுவும் இறங்கவில்லை.
கரைவதற்கு அதற்குச் சூடு வேண்டும்,
மடியில் இல்லை,
உன் காலிடம் வாங்குகிறது.
திருப்பித் தரும் உத்தேசமும் இல்லை.
பிரிவதற்கு ஆகிற செலவு
சேர்வதில் வருகிற வரவைவிடக் கூட, அவ்வளவுதான்.
கணக்கு மறுபக்கம் சாய்ந்தால்
ரன்வாவின் உள்ளங்கை.

அதைச் சொல்லித் திரும்புகிறேன்,
எதிரணியில் யாரோ சும்மா தூக்கி அடித்த பந்தைக்
காற்று எடுத்து வந்து
வலைக்குள் வைத்துவிட்டுப் போனது.
ரன்வாவின் இரண்டு கையும் சட்டைக்குள்.
நன்றாகச் சூடேறியிருந்தன. நேரத்துக்கு வெளியே வரவில்லை.
ஒன்றுக்கு ஒன்று.

திங்கட்கிழமை பையைக் கொட்டிக் கழுவினேன்.
ஒன்று செங்கல்லாய் இறுகிக் கிடந்தது,
மற்றது தொளதொளவென்று ஒரு நீர்ப்பை.
இரண்டும் ஒரே சூடு, அறையின் சூடு.
கொடுத்தது எது, வாங்கியது எது,
தோலைக் கேட்டால் சொல்லாது.

ஆலைக்குப் போகிற வழியில்
படகின் வயிற்றில் கைவைத்து நின்றேன்.
சில்லென்றுதான் இருந்தது.
சங்கு ஊதும்வரை எடுக்கவில்லை.
எடுத்தபோது
கையெல்லாம் செம்பொடி.