நூறு எச்.பி.

பெயர் இருந்தவரை அது எங்களைத் தொடவில்லை.
மூன்று நாள் டி.வி.க்குள்ளேயே சுற்றியது.
எந்த நாடோ வைத்த பெயர்;
வாயில் நுழையாமல் சிமெண்ட் கடை மாணிக்கராஜ்
'அந்தப் பொம்பளை' என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.
ஆந்திரா பக்கம் கரை ஏறியது.
வலுவிழந்தது என்றார்கள்.
பெயரைப் பிடுங்கிக்கொண்டு
வெறும் தாழ்வு என்று எழுதினார்கள்.

அதற்குப் பிறகுதான் மழை.
காற்று இல்லை, இடி இல்லை.
வட்டி வாங்க வந்தவன் வாசலில் உட்கார்ந்த மாதிரி
ஒரே இடத்தில்
அவசரமில்லாமல் பெய்தது.

எனக்குச் சுரங்கப்பாதையில் ராத்திரி டூட்டி.
மேலே ரயில், கீழே ரோடு,
ரோட்டுக்கும் கீழே தொட்டி,
பக்கத்துத் தகர அறையில்
நானும் ஒரு நூறு எச்.பி. டீசல் மோட்டாரும்.
ரெயின்கோட்டில் மாநகராட்சி முத்திரை உண்டு,
சம்பளத்தில் கிடையாது.

பதினொன்றரைக்குக் கிளப்பினேன்.
இருமியது, பிறகு பிடித்தது.
குழாய் ஒருமுறை உதறி நிமிர்ந்தது.
சுவரில் அடி அடியாக வெள்ளைக் கோடு:
ஐந்தில் நின்ற தண்ணீர்
நாலே முக்கால், நாலரை.
மூழ்கிக் கிடந்த ஆட்டோ ஒன்றின்
மஞ்சள் முதுகு எழும்பியது.

இதில் ஒரு சந்தோஷம் உண்டு,
சொன்னால் சிரிப்பீர்கள்.
வேறு யாரும் கேட்காத என் பேச்சைத்
தண்ணீர் கேட்கிறது.

ஒன்று பத்துக்கு ஜெகதா.
"வாசப்படில நிக்குது."
"ம்."
"பாத்ரூம் குழியில இருந்து மேல வருது, கருப்பா."
"ஃப்ரிட்ஜுக்குக் கீழ செங்கல் வை."
"போன வருசம் வச்ச செங்கல் மேலதான் நிக்குது."

ஒன்றே முக்காலுக்கு மறுபடியும்.
"அரிசிய ஏத்திட்டேன்,
பாப்பாவயும் அவ நோட்டையும் பரண்ல ஏத்திட்டேன்.
மேல இனிமே எடமில்ல.
நான் எங்க ஏறுறது?"

அப்போதுதான் குழாயைத் திரும்பிப் பார்த்தேன்.
ஒன்பது வருஷமாக
உறிஞ்சும் முனையையே பார்த்துப் பழகிய கண்.
துப்பும் முனை எங்கே என்று தெரியாதவன் இல்லை.
லைன் போட்ட அன்றைக்கு நானும் மண் வெட்டினேன்.

காட்டன் கால்வாய்.
எங்கள் நாலாவது தெருவின் முதுகை உரசிக்கொண்டு
கொருக்குப்பேட்டை தாண்டி அது பக்கிங்காமில் விழ வேண்டும்,
பக்கிங்காம் எண்ணூரில்,
எண்ணூர் கடலில்.
அன்றைக்கு அமாவாசை ஏற்றம்.
கடல் வாயை மூடிக்கொண்டிருந்தது.
யாரும் யாரிடமிருந்தும் வாங்கவில்லை.
வரிசையின் இந்தக் கடைசியில் ஜெகதா,
பிளாஸ்டிக் நாற்காலி மேல்.

கோடு மூன்றே கால்.
இங்கே குறையும் ஒரு அங்குலம்
அங்கே எவ்வளவு என்று கணக்குப் போட்டேன்.
வரவில்லை.
வானம் கொட்டியதில் என் குழாய் ஒரு டம்ளர் இருக்குமா?
இருக்கும்.
ஆனால் அந்த டம்ளர் என் கையால்.

சிவப்புப் பொத்தானில் கட்டைவிரலை வைத்தேன்.
சூடாக இருந்தது.

சரிவின் மேலே ஹாரன்.
பால் வண்டி ஒன்று
முகப்பு விளக்கோடு காத்துக்கொண்டிருந்தது.
"எவ்ளோ நேரம்ணே?" என்று கத்தினான் பையன்.
"ஒரு அடிக்கு வரட்டும்" என்றது என் வாய்.
கட்டைவிரல் இறங்கிவிட்டது.
அதை நான் எடுத்ததாக நினைவில்லை.

ஐந்து மணிக்கு அலை கிழித்துக்கொண்டு கடந்தான்.
"எந்த ஏரியா?"
"பெரம்பூர்ணே. வியாசர்பாடி பூரா தண்ணியாமே,
அங்க இன்னிக்கி லோடு இல்ல."

தொடை வரை நனைந்து வீடு வந்தேன்.
சுவரில் ஒரு கோடு,
யாரும் பெயிண்ட் அடிக்காத கருப்புக் கோடு.
எண் மட்டும் எழுதவில்லை.
ஜெகதா கேட்டாள்: "சுரங்கம் வடிஞ்சிடுச்சா?"
"வடிஞ்சிடுச்சு."
வேறு ஒன்றும் கேட்காமல்
பெயிண்ட் டப்பாவைக் கையில் கொடுத்தாள்.

மொண்டேன்.
படிக்கு வெளியே ஊற்றினேன்.
மொண்டேன், ஊற்றினேன்.
எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து
தேவகிருபை குரல் கொடுத்தாள்,
கோபம்கூட இல்லை:
"அண்ணே, இந்தாண்ட ஊத்தாதண்ணே."