வடக்குச் சன்னல்

துளைக்கருவி பாதியில் முரண்டு பிடித்தது.
மரச்சட்டமும் சுண்ணாம்பும் இருக்கவேண்டிய இடத்தில்
செங்கல்.
மின்கம்பி மாற்றப் போனவனுக்கு
மூன்று மணி நேர வேலை கூடுதல்.

வீட்டுக்காரி மிர்யானா
பத்திரக்கட்டையும் இரண்டு கணக்கு நோட்டையும்
அடுப்படி மேசையில் பரப்பினாள்.

பெண்டிகோ. தங்கம் தோண்டிய ஊர்.
கார்ன்வாலிலிருந்து கப்பலேறிய ஜேபெஸ் ட்ரெம்பாத்
பூமிக்குள் கிடைத்ததைக்கொண்டு
பூமிக்கு மேல் கட்டிய வீடு.
மெதடிஸ்ட். குடியில்லை, சீட்டாட்டமில்லை,
ஞாயிறன்று சவரம்கூட இல்லை.

எதிர்மேட்டில் கத்தோலிக்கர் பேராலயத்துக்குக்
கடைக்கால் தோண்டியபோது
மனைக்கு விலை பேச இரண்டு முறை ஆள் வந்ததாம்.
மூன்றாம் முறை கதவு திறக்கவில்லை.
சுவர் எழும்ப எழும்ப
சாப்பாட்டு மேசையிலிருந்து அது தெரிந்தது.
ஒரு சனிக்கிழமை
தானே கலவை குழைத்து
வடக்குச் சன்னலை அடைத்தார்.

இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து நடப்பவன்.
பேராலயம் கண்ணில் படாதிருக்க
மனிதர் வெயிலையே வேண்டாமென்றிருக்கிறார்.
இருபது குளிர்காலம்
பட்டப்பகலில் விளக்கேற்றிச் சாப்பிட்டது குடும்பம்.
எண்ணெய்ச் செலவை எழுதிவைத்திருக்கிறாள் மனைவி,
கருத்து ஏதும் சொல்லாமல், பென்சிலால்.

ஆலயத்தில் கோபுரம் மட்டும் பாக்கி.
காசில்லை. போர். பஞ்சம். இன்னொரு போர்.
பேத்தி லவ்டே வீட்டை ஆண்ட காலத்தில்தான்
கல்தச்சர்கள் வந்தார்கள்.
பின்னறையில் எத்தோரே ஸானின்,
கிழமைக்கு இரண்டு பவுண்டு.
குளியல் தொட்டியில் கல்தூசி என்று ஒரு வரி.
வாடகையைக் கூட்டியதாக ஒரு வரி.
அடுத்த வருஷம்
வாடகை வரியே இல்லை.
மிர்யானா சிரித்தாள்.
நான் ஏணியைத் தேடுபவன்போல் திரும்பிக்கொண்டேன்.

பின்வாசற்படியைக் காட்டினாள்.
மணற்கல். ஒரு ஓரத்தில்
உளி பாதியில் விட்ட இலை.
செதுக்கும்போது பிளந்ததாம், கோபுரத்துக்கு ஆகாதது.
கிழவர் எதைப் பார்க்கவும் மறுத்தாரோ
அதில் ஒரு துண்டு
செருப்பு விடும் இடத்தில் கிடக்கிறது,
மழை அதன் இலையில் தேங்கி நிற்கிறது.

கோபுரம் முடிந்த முதல் ஜூன் மாதம்
நண்பகல் நிழல் தெருவைத் தாண்டி வந்து
அடைத்த சன்னல்மேல் சாய்ந்திருக்கும்.
உள்ளே விளக்கடியில் உட்கார்ந்தவர்களுக்கு
எப்படித் தெரியும்?

செங்கல்லை எடுத்துவிடலாமா என்றாள்.
அது கொத்தனார் வேலை, என் உரிமத்தில் வராது என்றேன்.
ஆனால் துளைபட்ட கல்
ஏற்கெனவே பல்லாய் ஆடிக்கொண்டிருந்தது.
இழுத்தேன்.

ஒரு செங்கல் அளவு பகல்
எதிர்ச்சுவரில், புதிதாகப் பதித்த சுவிட்சுக்குப் பக்கத்தில்.
இருவரும் கொஞ்ச நேரம்
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஓட்டை வழியே குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

மாலை, மின்பலகைக் கதவின் உட்புறம்
எழுதவேண்டியதை எழுதினேன்:
தேதி, உரிம எண், ச. இளம்பரிதி.
விலைச்சீட்டில்
அந்தச் செங்கல்லைச் சேர்க்கவில்லை.