அமைதி வலயம்

கார்னார்வன் தாண்டி எண்பது கிலோமீட்டர்.
கைபேசியை அணைத்தாயிற்று.
பெட்ரோல் வண்டியின் பொறிகூட இங்கே இரைச்சல்;
டீசல் பக்கி மட்டும் உள்ளே வரலாம்.

கரூ என்றால் இம்மண்ணின் பழைய பேச்சில் வறண்டது.
நெடிலைக் குறிலாக்கினால்
என் வீட்டுப் பேச்சில் கரு.
இரண்டுக்கும் நடுவே
கம்பிவலைக் கிண்ணங்கள் மல்லாந்து கிடக்கின்றன.

நான் கேட்க வந்தது
ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டுக்கு முந்தைய
ஹைட்ரஜனின் முனகல்.
முதல் விண்மீன் திரள்கள் பற்றிக்கொண்டபோது
இருபத்தோரு சென்டிமீட்டராய்ப் புறப்பட்டது,
வெளி விரிய விரிய இழுபட்டு
இரண்டு மீட்டராய் வந்து சேர்கிறது,
களைத்து,
யார் வீட்டுக் கதவென்று தெரியாமல்.

கழிப்பதுதான் என் தொழில்.
சூரியனைக் கழி. பால்வீதியைக் கழி.
தலைக்கு மேல் போன விமானத்தைக் கழி.
போன வருஷம் ஏழு முறை அதில் நானே இருந்தேன்.
இத்தனையும் போகப்
பத்தாயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சினால்
அதுதான் ஆதி.

கத்ரீனா யாஃப்தாவை எந்த வரிசையில் கழித்தேன்?
இந்த வலையை முறுக்கிக் கட்டிய கை அவளுடையது.
பதினேழாவது கிண்ணம் முழுக்க அவள் கணக்கு.
அவள் குடியிருக்கும் ஆட்டுப்பண்ணையில்
எங்கள் அமைதிக்காக டவர் இல்லை.
ஜூலைக் குளிரில் மகனுக்கு மூச்சு இழுத்த இரவு
அவனைத் தூக்கிக்கொண்டு ஒன்பது கிலோமீட்டர்,
அடுத்த பண்ணையின் லேண்ட்லைன் வரை.
பிழைத்துவிட்டான்.
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை,
குறட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குள் வந்ததும் கைபேசி விழிக்கிறது.
டோங்காட்டிலிருந்து தம்பி பூபாலன்,
இரண்டு நாள் பழசான செய்தி:
பம்ப் ஹவுஸை வெள்ளம் கொண்டுபோயிருச்சு.
தெருவெல்லாம் தண்ணி, குழாயில இல்ல.
மேல இருக்கிறவங்களோடதானே பேசுற,
மழையக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு.

நகராட்சி மண்டபத்தில் நான் வாசித்த தாள்:
பண்ணைகளுக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி,
எங்கள் டீசலுக்கு ஓர் உச்சவரம்பு,
பறப்பதில் பாதி.
நட்சத்திரத்தைப் பாருங்கள் அம்மா, என்றது
முன்வரிசைக் கோட்டு ஒன்று.

பின்னாலிருந்து கத்ரீனா கை தூக்கினாள்.
உங்களுடைய அந்தக் காலத்தில்
தண்ணீர் இருந்ததா?

ஹைட்ரஜன் இருந்தது.
ஆக்ஸிஜன் இன்னும் வெந்து முடியவில்லை.

அப்படியானால் பாதிதான், என்றாள்.
இங்கே மாதிரியே.

சிரித்தார்கள். அடங்கினார்கள்.
கேப் டவுனிலிருந்து வந்து குறிப்பெடுத்த பையன்
பேரை எப்படி எழுதுவது என்று கேட்டான்.
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்,
நிறுத்தி நிறுத்தி,
மிக உரக்க.