முன்குறி

கலெக்டர் ஆபீசில் எட்டு மாதம்.
"பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?"
கேட்டவர் போட்டிருந்தது என் கடைக் கண்ணாடி.
பில்லில் பத்து சதவீதம் தள்ளிக் கொடுத்தது.
"காகிதத்தைச் சுட" என்றேன்.
சிரித்தபடி
கோப்பைக் கட்டின் மேலே வைத்தார்.

விற்றவர் பசுமலை ஞானாதிக்கம்.
பீரோவில் வேட்டிகளுக்குப் பின்னாலிருந்து எடுத்தார்,
நெம்புகோல் வைத்த குட்டை ரைஃபிள்.
தின்பதென்னவோ கைத்துப்பாக்கித் தோட்டாவைத்தான்.
நிறுத்தினால் என் இடுப்பு வரும்,
தூக்கினால் இரண்டு படி அரிசி.
குழலில் தேய்ந்த எண் 1911.
நெம்புகோலைத் தள்ளி இழுத்தார்:
சளக், சக்.
என் கடை ஷட்டர் ஒருநாளும்
இவ்வளவு மரியாதையாகத் திறந்ததில்லை.

"ஏன் சார் விக்கிறீங்க?"
"பதினோரு தேர்தல்மா. ஒவ்வொண்ணுக்கும்
இதைத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயி
ஒப்படைச்சு, ரசீது வாங்கி, திரும்ப எடுத்தாச்சு.
நான் ஓட்டுப் போட்டது நாலு தடவைதான்."

பேரம் புது ஸ்கூட்டரில் தொடங்கி
செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டரில் நின்றது.
கூடவே ஒரு டப்பா எண்ணெய்,
அவர் வீட்டம்மா பொட்டலம் கட்டிய
பாதிப் பிளம் கேக்.

ஞாயிறு, நாகமலை அடிவாரம்.
மண்மேட்டின் மேல் ஒரு மயில்.
அது நடந்து முடிக்கும்வரை
எல்லாரும் துப்பாக்கியைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம்.
அதற்கு அவசரமே இல்லை.

பின்குறி ஒரு பள்ளம்.
முன்குறி ஒரு கடுகு.
அதற்கப்பால், ஐம்பது மீட்டரில்,
கருப்பு வட்டம்.
இருபத்திரண்டு வருடமாக ஊரைக் கேட்டதை
அன்று என்னைக் கேட்டேன்:
இது தெளிவா? இப்ப? இது?
பள்ளம் மங்கல். கடுகு மங்கல்.
வட்டம் மட்டும் பளிச்.
நாற்பத்தாறு வயதுக்கு அதுதான் நியாயம்.
முதல் ஐந்தும் மலைக்குப் போயின.

திங்கள் இரவு, கடை சாத்தியபின்,
வலது கண்ணுக்கு ஒரு லென்ஸ் இழைத்தேன்.
பேப்பர் படிக்க உதவாது,
பஸ் நம்பருக்கும் உதவாது.
ஒரு கைநீளத்தில் உட்கார்ந்திருக்கும்
கடுகுக்காக மட்டும்.

போட்டதும் உலகம் இடம் மாறியது.
முன்குறி ஊசி,
வட்டம் தண்ணீரில் விழுந்த மை.
தெளிந்ததைப் பார், மங்கியதைச் சுடு.
மூச்சைப் பாதியில் விட்டு
விரலுக்குத் தெரியாமல் அழுத்தினேன்.

தோளில் வளர்ப்பு நாய் முட்டியதுபோல் ஒரு தட்டு.
சளக்.
பித்தளைக் கூடு துள்ளி
என் கழுத்துக்குள் விழுந்து சுட்டது.
ஆடினேன். கல்லூரிப் பையன்கள்
வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.
சக்.

ஒன்று இருநூற்றுப் பத்து ரூபாய்.
புத்தகத்தில் வருடத்துக்கு ஐம்பதுதான்,
கூட்டையும் எண்ணிக் கொடுக்க வேண்டும்.
ஐந்து சுட்டு ஒரு டீ.
ஐந்து சுட்டு ஒரு டீ.
பதினேழாவது கருப்பைத் தொட்டது.
முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும்
ஒரே ஓட்டையா, ஒன்று தவறியதா என்று
செயலாளர் பூமிராஜாவும் நானும்
காகிதத்தை வெயிலில் பிடித்து வாதாடினோம்.
ஓட்டை வழியே மலை தெரிந்தது.
ஒரே ஓட்டைதான்.
என் தொழில்மேல் சத்தியம்.

புதன்கிழமை தேர்தல் தேதி வந்துவிட்டது.

வியாழன் ஸ்டேஷனில் வரிசை.
முன்னால் பேங்க் காவலாளி, இரட்டைக் குழலோடு.
அவருக்கு முன்னால் நகைக்கடைக்காரர்,
டிபன் பையில் ரிவால்வர்.
"பேரு?"
"சுபத்ராபாய்."
"தோட்டா மீதி?"
"பதினெட்டு."
ஏட்டு எழுதிய ரசீதை
மூக்கருகே கொண்டுபோய்,
பிறகு கையை முழுசாக நீட்டிப் படித்தார்.
"ப்ளஸ் ஒண்ணேகால்" என்றேன், வாய் தவறி.
"என்னது?"
"தேர்தல் முடியட்டும் சார். கடைக்கு வாங்க."

அந்தக் கண்ணாடியை யாரும் கேட்கவில்லை.
அரசரடி சிக்னலில் அதைப் போட்டுக்கொண்டு
இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டிப் பார்த்தேன்.
நகத்தின் கோடெல்லாம் தெரிந்தது.
அப்பால் சுவரில்
யாரோ யார் பெயரையோ
சுண்ணாம்படித்து மறைத்துக்கொண்டிருந்தார்.
கட்சி தெரியவில்லை.

எனக்கு இது முதலாவது.
ஓட்டும் போடுவேன்.