நாலு விரல் குறைவு

வெள்ளிச் சந்தையில் அந்தத் திரை
ஓடாத ட்ரெட்மில் ஒன்றின் மேல் கிடந்தது.
யாரோ காலி செய்துபோன வில்லாவின் ஜன்னல் அளவு.
பாலாடை நிறம்.
அதில், மங்கிய மாதுளைச் சிவப்பில்,
மரத்தடியில் ஒருத்தி. தொப்பிக்காரன் ஒருவன்
அவளிடம் ஒற்றைப் பூவை நீட்டுகிறான்.
முழத்துக்கு ஒருமுறை
மறுபடியும் நீட்டுகிறான்.
கூடவே ஒரு நாய். அது மட்டும் வேறெங்கோ பார்க்கிறது.

ஏழு தினார் என்றார் அபு நவாஃப்.
மூன்று என்றேன்.
முதலில் சாய் குடி என்றார்.
குடித்தால் நாலாகிவிடும், தெரியும்.
குடித்தேன்.

ஃபஹாஹீலில் மூன்றாவது மாடி.
ஆணி அடிக்கக் கூடாதென்று
ஒப்பந்தத்தில் அரபியில் இருக்கிறது,
ஹாரிஸ் சயீதின் ஆட்காட்டி விரலிலும் இருக்கிறது.
ஆகவே நான் சேர்த்ததெல்லாம் சுவர் ஏறாமல்
அலமாரி மேல் சாய்ந்து நிற்கும்:
விளிம்பு பெயர்ந்த ரோஜாத் தாம்பாளம்,
கார்க் இல்லாத பூப்போட்ட ஃபிளாஸ்க் மூன்று,
இரண்டே கோப்பைக்கு ஐந்து சாசர்.
'ஊரார் வீட்டுப் பரண் எல்லாம் இங்கேதான்' என்பார் இருதயராஜ்.
வஃப்ரா சைட்டிலிருந்து வியாழன் ராத்திரி வந்து
வெள்ளி ராத்திரி போகிறவர்.
ஒருநாள் விருந்தாளியின் கருத்து.

திரையை அழகுக்காக வாங்கினேன் என்றால்
பாதிதான் உண்மை.
ஹாலை இரண்டாக்கினால் மாதம் எழுபது தினார்.
எப்சிபா வந்தாள். நர்ஸ். ராத்திரி டூட்டி.
பகலெல்லாம் தூங்குவாள், தூக்கத்தில்
யாருக்கோ பிரஷர் எடுப்பாள்.

இரண்டு பாகத்தையும் ஒட்டும்போது
நாலு விரல் துணி குறைந்தது.
பழைய தலையணை உறையைக் கிழித்து
நடுவில் வெள்ளையாய் ஒரு பட்டை வைத்துத் தைத்தேன்.
மேலிருந்து கீழாக ஐந்து ஜோடி.
ஐந்து இடத்திலும்
அவன் கை மணிக்கட்டோடு முடிந்தது, பூவையும் காணோம்.
அவள் மட்டும் வெள்ளையைப் பார்த்துக் கை ஏந்தியிருந்தாள்.

அச்சுப் பக்கம் எனக்கு.
வாடகை தருகிறவளுக்குப் பின்பக்கம்.
அவள் எதுவும் கேட்கவில்லை,
நானும் அதைப்பற்றிப் பேச்செடுக்கவில்லை.
இரண்டு மாதத்தில் பட்டை மேல்
சின்னச் சின்ன நீலப் புள்ளிகள்.
சாயம் போகிறதென்று அபு நவாஃபை
அடுப்படியில் நின்று திட்டினேன்.

சிவில் ஐடி புதுப்பிக்க இருதயராஜ் வந்திருந்த திங்கட்கிழமை
சயீத் மூச்சு வாங்க ஓடிவந்தார்:
'பலதியா! தடுப்பு இருக்கக் கூடாது! இருபது நிமிஷம்!'
கம்பியோடு கழற்றினோம்.
ஒரே ஹாலில் திடீரென்று
அவள் கட்டில், எங்கள் கட்டில்,
நடுவில் மூன்று பேர், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

திரை குப்புற விழுந்து கிடந்தது.
பட்டை முழுக்கப் பால்பாயிண்ட் பேனாவில் கைகள்.
ஒன்று அவள் நாடி பிடிக்கிறது.
ஒன்று தெர்மாமீட்டர் நீட்டுகிறது.
ஒன்றில் ட்ரிப்ஸ் ஊசி, மேலே பிளாஸ்டர் ஒட்டி.
நாலாவது, இரண்டு மாத்திரை.
ஐந்தாவது ஜோடிக்கு இன்னும் எதுவும் இல்லை.

'அக்கா, துவைத்தால் போய்விடும்' என்றாள்.
போகாது. நான் தையல்காரி, எனக்குத் தெரியும்.

பலதியாக்காரர்கள் இரண்டாம் மாடியோடு இறங்கிவிட்டார்கள்.
நான்தான் திருப்பி மாட்டினேன், நீலக் கைகள் எங்கள் பக்கம் வர.
மாட்டும் முன் இருதயராஜ்
தரையில் குந்தி உட்கார்ந்து,
வெல்டிங் பொறி தெறித்துத் தெறித்துத் தழும்பான வலது கையை
காலியிடத்தில் விரித்து வைத்தார்.
'என் கையைச் சுற்றி வரை' என்றார் அவளிடம்.

வரைந்தாள். கூசுகிறதென்று அசைந்துவிட்டார்.
நாலு விரல் பட்டையில் அந்தக் கை அடங்கவில்லை.
கட்டைவிரல் போய்
நாயின் முதுகில் விழுந்திருக்கிறது.